பதின்மூன்று கைகள்

பதின்மூன்று பிள்ளைகள், பதின்மூன்று கைகள். அதனால் முதல் நாள் ஆவுடையம்மாளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர். சித்திரை பிறந்தால் சென்னை, திருப்பூர், மும்பை என்று பிழைக்கப் போனவர்கள் எல்லாம் பிள்ளைகுட்டிகளோடு அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். காலையில் ஆற்றுக் குளியல், மத்தியானம் உருண்டைச் சோறு. வெயில் உச்சிக்கு ஏறியதும் கூடத்துக் கதவுகளைச் சாத்தி, ஜன்னல்களில் நனைத்த சாக்கைத் தொங்கவிடுவார்கள். உள்ளே குளுகுளுவென்று அரையிருட்டு. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கையை நீட்ட, ஒருத்தி தயிர்ச்சோற்றைக் குண்டானில் பிசைந்து உருட்டி உருட்டி வைத்துக்கொண்டே சுற்றி வருவாள்.

இதற்கு இரண்டே சட்டம். நீட்டிய கைக்கு இல்லை என்று சொல்லக்கூடாது. பிசைகிறவள் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்து வைக்க வேண்டும். முகம் பார்த்தால் தன் பிள்ளைக்கு உருண்டை கொஞ்சம் பெருத்துவிடும் அல்லவா?

இந்த வருஷம் பிசைகிற முறை மூத்த மருமகளான ஆவுடைக்கு. போன வருஷம் பிள்ளைகள் பதினாலு. சின்ன மருமகள் கோமுவின் மூத்த மகள் வடிவு, பத்து வயது, ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு நாலே நாளில் போய்விட்டாள். துக்கத்துக்குப் பிறகு இதுதான் முதல் லீவு. வந்த பெண்கள் எல்லாரும் கோமுவையே சுற்றிக்கொண்டு இருந்தார்கள். அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை என்றால் நாலு பேர் தட்டோடு நின்றார்கள். இளையவள் பேச்சிக்கு நாலு வயது. அக்கா இருந்தவரை அவள் இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை. "பேச்சி சாப்பிட்டாளா?" என்று கோமு கேட்டால், "கூட்டத்தோட கூட்டமா சாப்பிட்டிருப்பா" என்று நாலு பக்கமிருந்தும் பதில் வரும்.

முதல் நாள் உருண்டை வைக்கும்போது பேச்சிக்குப் பக்கத்தில் நீண்ட ஒரு கை, தண்ணீர்ப் பானைக்குள் விட்டு எடுத்த மாதிரிச் சில்லென்று இருந்தது. எந்த வாலு தண்ணீரில் விளையாடிவிட்டு வந்ததோ என்று ஆவுடை நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாளும் அதே இடத்தில் அதே கை. ஒவ்வொரு சுற்றிலும் மற்றக் கைகள் தயிர் வழிய, நக்கிய எச்சிலோடு நீண்டன. அந்தக் கை மட்டும் கழுவித் துடைத்த மாதிரி நீண்டது. நாலாவது உருண்டையை வைக்கும்போதுதான் உள்ளங்கைக் குறுக்கே ஓடிய தழும்பை ஆவுடை பார்த்தாள். பனைமட்டையின் பல் போன்ற கருக்கு கிழித்த தழும்பு. போன லீவில் வடிவின் கைக்கு மஞ்சள் வைத்துக் கட்டியதே ஆவுடைதான்.

சத்தம் போடவில்லை. போட்டால் பிள்ளைகள் பயந்துவிடும். கடைசி வரை வைத்து முடித்து, எல்லாரையும் வாய் கழுவக் கூட்டிக்கொண்டு போனாள். பேச்சியின் கை காய்ந்து கிடந்தது, உதட்டில் மட்டும் ஒரு பருக்கை. "சமத்து, சிந்தாம சாப்பிட்டிருக்கா" என்று துடைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் நாத்தனார் இசக்கியிடமும் கோமுவிடமும் விஷயத்தைச் சொல்லி, இருவரையும் கதவோரம் நிறுத்தி வைத்தாள்.

"எண்ணிப் பாத்தியா?" என்றாள் இசக்கி.

"பாத்தேன் மதினி. பதிமூணு பிள்ளை, பதிமூணு கை."

"அப்புறம் என்னட்டி? வெயில் மண்டைக்கு ஏறிட்டு உனக்கு."

ஆனால் அந்தக் கையைக் கண்டதும் இசக்கி கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள். கோமு சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

சோறு தீரப்போனது. பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்து வாய் கழுவ ஓடின. பேச்சி மட்டும் நகரவில்லை. அவள் பக்கத்தில் அந்தக் கை நீண்டபடியே இருந்தது. கைக்குப் பின்னால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரச் சாக்கின் நிழல்தான் இருந்தது. குண்டானை வழித்து ஆவுடை கடைசி உருண்டையைப் பிடித்தாள்.

"வைக்காத ஆவுடை," என்றாள் இசக்கி, குரலைத் தாழ்த்தி. "செத்தது இன்னைக்குச் சோறு கேக்கும், நாளைக்குப் பக்கத்துல இருக்கிற பிள்ளையக் கேக்கும். பேச்சியத் தூக்கிட்டுக் கதவைத் திற. வெயிலைக் கண்டா போயிரும்."

"அவ பசிச்சு வந்திருக்கா மதினி," என்றாள் கோமு. "உங்க மகளா இருந்தா கதவைத் திறப்பியளா? வைங்கக்கா. தினமும் வைங்க."

"இருக்கிற ஒண்ணையும் சேத்து அனுப்பப் போறியா?"

கை இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தது.

வைத்தால் இருக்கிற பிள்ளையும் போய்விடுமோ என்று பயம். வைக்காவிட்டால், வீடு தேடி வந்த பிள்ளையைப் பசியோடு விரட்டிய பாவம். தயிர் மணிக்கட்டில் வழிய ஆவுடை நின்றாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். இசக்கி சொன்னது சரியா, கோமு சொன்னது சரியா? அந்தக் கடைசி உருண்டை யாருக்குச் சேர வேண்டியது?

விடை: இரண்டு பேர் சொன்னதும் சரியில்லை. பதின்மூன்று கைகளில் ஒன்று வடிவுடையது என்றால், உயிரோடு இருக்கும் பிள்ளைகளில் ஒன்று மூன்று நாளாகக் கையே நீட்டவில்லை. உருண்டை வாங்கிய கையில் சோறு ஒட்டவில்லை, கை நனையாத பேச்சியின் உதட்டில்தான் பருக்கை இருந்தது; அந்தக் கை வாங்கியது பேச்சிக்காக. இன்னொருத்தி ஊட்டியிருப்பாள் என்று வீட்டில் அத்தனை பேரும் நினைத்திருக்க, ஊட்ட வந்தவள் வடிவு ஒருத்திதான். ஆவுடைக்கு அது விளங்கியதும் உருண்டையைக் கோமுவின் கையில் வைத்து, "உன் மகளுக்கு ஊட்டு" என்றாள். பேச்சி வாயைத் திறந்தாள். நீண்டிருந்த கை மெல்ல மடங்கியது. மறுநாள் பேச்சி அம்மா மடியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது. பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்களே தவிர, யாரும் சொல்லாமலே, அந்த இடத்துக்கு ஒருவரும் நகரவில்லை.