சிங்கத்துக்கு மீசை

கையில் கற்பூரம் கொளுத்திக்கொண்டு சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் நாளைக்கே என் பல்லெல்லாம் கொட்டட்டும். இருப்பது இரண்டுதான். இருந்தாலும் பல் பல்தானே!

மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பிச்சாண்டிக்கு அறுபது வயதுக்கு மேல் பூத்தையலில் ஆசை வந்தது. தேருக்குச் சீலை தைக்கிற திலகவேணியிடம் போய்ச் சீடராகச் சேர்ந்தார். அவளுக்கு அவருடைய மகள் வயதுதான்.

தேர்த் திருவிழா நாளும் வந்தது. அன்று சாயங்காலம் தேர். சீலையில் சிங்கத்துக்கு மீசை மட்டும்தான் பாக்கி. "மீசை முழுக்க என் கைவேலை, வந்து பாரு" என்று பெண்டாட்டியிடமும் தெரு முழுவதும் அளந்துவிட்டிருந்தார் பிச்சாண்டி.

அவருக்கு உலகத்தில் ஒரே பயம், ஊசிக்காது. கண் மங்கல். ஒவ்வொரு தடவையும் கோப்பதற்குள் உயிர் போய்விடும். ஒரேயடியாகத் தீர்த்துவிடலாமென்று நூல்கண்டு மொத்தத்தையும் வெட்டாமல் ஊசியில் கோத்துவிட்டார்.

முதல் தையல் போட்டார். நூலை இழுக்கக் கை போதவில்லை. எழுந்து நடந்தார். வாசல் தாண்டி, டீக்கடை தாண்டி, குளக்கரையில்தான் நூல் முடிந்தது.

"எங்க அண்ணே இவ்ளோ வேகமா?" என்றான் டீக்கடைக்காரன்.

"தைச்சிட்டு இருக்கேன்பா."

திரும்பி வந்து அடுத்த தையல். மறுபடியும் குளக்கரை. அதற்கடுத்த தையலில் நூல் கனத்தது. விடுவாரா மனுஷன்? பலங்கொண்ட மட்டும் இழுத்தார். ஓடிவந்து பார்த்தால், ஒரு ஆடு, ஒரு டீ கிளாஸ், தவில்காரர் தோளில் கிடந்த துண்டு, எல்லாம் ஒரே சிக்காகச் சிங்கத்தின் மூக்கடியில் நிற்கின்றன.

திலகவேணி திட்டவில்லை. சிக்கைக் கத்தரித்து ஆட்டை விரட்டினாள். புது நூலை விரல்நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் அளந்து வெட்டினாள். தேன்மெழுகில் ஒரு இழுப்பு. விரலிடுக்கில் ஒரு உருவல். நூல் முறுக்கெல்லாம் மறந்து சாதுவாகத் தொங்கியது.

"இவ்வளவுதானா குருவம்மா? ரெண்டு முடிகூடத் தேறாதே!"

"தேறாது."

"மறுபடி கோக்கணுமே!"

"கோக்கணும்."

"பொழுது சாயுதும்மா. என் பெண்டாட்டி வேற முன்னாடியே வந்து நிப்பா. திரும்பத் திரும்பக் கோக்காம முடிக்க வழியே இல்லையா?"

திலகவேணி சீலையைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"இருக்கு பெரியவரே. பெண் சிங்கம்னு சொல்லிடலாம்."

பிச்சாண்டி ஊசியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

கேட்டீர்களா, கேட்டதோடு விடுங்கள். நான் சொன்னதாக மட்டும் மூச்சு விடாதீர்கள். அவர் பெண்டாட்டி எங்கள் தெருதான்.