தொண்டையில் இருந்த அத்திப்பழம்

ஒரு மலைக்காட்டில் பொன்மூக்கன் என்ற இருவாச்சிப் பறவையும் செவலை என்ற மலையணிலும் இருந்தார்கள். ஒரு காலத்தில் இருவரும் உயிர்த் தோழர்கள். ஆனால் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை!

காரணம் ஒரு கிளை அத்திப்பழம். செவலை அதை எட்டு நாள் காவல் காத்தான். ஒன்பதாம் நாள் எல்லாம் பழுத்துவிட்டது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று ஓடைக்குப் போனான். திரும்பி வந்து பார்த்தால் கிளை மொட்டை!

"டேய்! என் பழம் எங்கேடா?"

பொன்மூக்கன் தன் பெரிய அலகைத் திறந்து சிரித்தான். "கவலைப்படாதே! என் வயித்துல பத்திரமா இருக்கு!"

"இனிமேல் உன்கூடப் பேசினா நான் அணிலே இல்லை!" என்றான் செவலை.

சொன்னபடியே இருந்தான். பொன்மூக்கன் தினமும் அந்த மரத்தைத் தாண்டிப் போகும்போது, "செவலை! சௌக்கியமா?" என்று கத்துவான். செவலை வாலைத் திருப்பிக் காட்டுவான். தப்புச் செய்தவன் மன்னிப்புக் கேட்க வேண்டும். சௌக்கியம் கேட்டால் ஆயிற்றா?

ஒரு நாள் காலையிலும் அப்படித்தான். "செவலை! சௌக்கியமா?" என்ற குரல் வந்தது. செவலை வாலைத் திருப்பினான். அடுத்த நொடி மலைக்காற்று ஒன்று சுழன்று அடித்தது. காய்ந்த கிளை ஒன்று மடாரென்று முறிந்தது. கீழே பறந்துகொண்டிருந்த பொன்மூக்கனின் தலையில் விழுந்தது.

அவ்வளவுதான்! தொண்டையில் வைத்திருந்த பழம் அப்படியே இருந்தது. அவன் போய்விட்டான்.

காடே திரண்டு வந்து அழுதது. கரடியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு உத்தரவு போட்டார்.

"நாளைக்கு வட்டப்பாறையில இரங்கல் கூட்டம்! காட்டுல பழுத்த அத்திப்பழம் ஒண்ணு விடாமப் பறிச்சுட்டு வாங்க! பாறை மேல படைக்கணும்! மூணு நாளைக்கு ஒருத்தரும் தொடக் கூடாது!"

எல்லோரும் ஓடி ஓடிப் பறித்தார்கள். செவலை மட்டும் போகவில்லை. "எனக்கும் அவனுக்கும் பேச்சு இல்லை. நான் எதுக்கு வரணும்?" என்று கிளையில் சுருண்டு படுத்துக்கொண்டான்.

மறுநாள் காடு முழுவதும் பாறைக்குப் போய்விட்டது. ஒரு சத்தம் இல்லை. அப்போது எங்கிருந்தோ கேட்டது.

டொக்! டொக்! டொக்!

செவலை காதைத் தீட்டினான். அவனுக்கு அந்த இடம் தெரியும். தோழனாக இருந்த நாளில் பார்த்த மரம் அது. பொன்மூக்கனின் வீடு!

இருவாச்சிக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை ஒரு மரப்பொந்துக்குள் போய்விடும். மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு சந்து மட்டும் இருக்கும். உள்ளே அவளுடைய இறகெல்லாம் உதிர்ந்துவிடும். குஞ்சு வளரும்வரை ஆண் பறவைதான் அந்தச் சந்து வழியாக இருவருக்கும் இரை ஊட்ட வேண்டும்.

"ஐயையோ! மஞ்சாயி மதினி உள்ளே இருக்காங்களே!" என்று கத்திக்கொண்டு செவலை பாய்ந்தான்.

சந்தில் அலகின் நுனி தெரிந்தது. உள்ளிருந்து கோபமான குரல் வந்தது. "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? நேத்துக் காலையில போனவரு! புள்ளை கத்திக் கத்தித் தொண்டை வத்திப் போச்சு!"

செவலை சந்தில் கையை வைத்தான். பொட்டென்று ஒரு கொத்து!

"ஆ! நான்தான் மதினி! செவலை!"

"நீயா? குஞ்சைத் திருட வந்தியா? அவரு வரட்டும்! உன் வாலைப் பிடுங்கச் சொல்றேன்! அவரு எங்கே?"

செவலைக்கு இரண்டு வருடம் பேசாமல் இருந்தது சுலபமாகத்தான் இருந்தது. இந்த ஒரு பதிலைச் சொல்லத்தான் முடியவில்லை.

"மதினி... காத்துல கிளை முறிஞ்சு விழுந்துச்சு. அவன் இனிமே வர மாட்டான்."

திடீரென்று வாசல் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. மஞ்சாயி உள்ளிருந்து சுவரை இடித்துக்கொண்டிருந்தாள்!

"உடைக்காதீங்க மதினி!"

"தள்ளிப் போ! நான் அவரைப் பாக்கணும்! என் புள்ளைக்கு இரை தேடணும்!"

"உங்களுக்கு இறகு இல்லையே! எப்படிப் பறப்பீங்க? கீழே பாருங்க!"

கீழே ஒரு மரநாய் உட்கார்ந்து உதட்டை நக்கிக்கொண்டிருந்தது. "உனக்கு எதுக்கு இந்த வம்பு, அணிலே? அவங்க வீட்டுக் கதவை அவங்க திறக்கறாங்க!" என்று இளித்தது.

செவலை சந்தில் வாயை வைத்துச் சொன்னான். "மதினி! எதிர் மரத்து நிழல் இந்த மரத்து வேரைத் தொடறதுக்குள்ள பழத்தோட வந்து நிக்கறேன். அதுவரைக்கும் சுவரைத் தொடாதீங்க!"

"உன் பேச்சை எப்படி நம்பறது? ரெண்டு வருஷம் பேசாம இருந்த ஆளு நீ!"

"பேச மாட்டேன்னு சொன்னேன். பேசினேனா? சொன்னதைச் செய்யறவன் நான்!"

மஞ்சாயி அலகைச் சுவரிலிருந்து எடுத்தாள். "சரி. ஓடு!"

செவலை ஓடினான். முதல் அத்தி மரம் காலி! இரண்டாவது மரம் காலி! மூன்றாவது மரத்தில் ஒரு பழம்கூட இல்லை. காட்டில் பழுத்ததெல்லாம் பாறைக்குப் போயிருந்தது. அவனும் பாறைக்கே ஓடினான்.

அங்கே பழம் ஒரு குன்று போலக் குவிந்திருந்தது. கருங்குரங்கு நெஞ்சில் அடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தது. "பொன்மூக்கன் சிறகை விரிச்சா காடே அதிரும்! அந்தச் சிறகை விரிக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்!"

"அது கிடக்கட்டும்," என்றது மைனா. "அவன் பொண்டாட்டியைப் பாத்தீங்களா? புருஷன் சாவுக்குக்கூட வரலை!"

"கல்நெஞ்சக்காரி!" என்று நாலு குரல்கள் எழுந்தன.

"அவங்களால வர முடியாது! நான் சொல்றதைக் கேளுங்க!" என்று செவலை மூச்சிரைக்கக் கத்தினான்.

கரடியார் முறைத்தார். "கூட்டத்துல குறுக்கே பேசாதே! உன் முறை பதினேழாவது. உட்காரு!"

"பதினேழா? அதுக்குள்ள அங்கே..."

"ரெண்டு வருஷம் வாயைத் திறக்காதவனுக்கு இன்னைக்குத்தான் பேச்சு வந்திருக்கு!" என்றது குரங்கு. எல்லோரும் சிரித்தார்கள். அதுவும் இரங்கல் கூட்டத்தில்!

செவலை வானத்தைப் பார்த்தான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இனிப் பேசிப் பயனில்லை. ஒரே தாவல்! கன்னம் இரண்டிலும் பழத்தை அடைத்தான். ஒரு கொத்தைப் பல்லில் கவ்வினான். எடுத்தான் ஓட்டம்!

"திருடன்! படையலைத் திருடிட்டான்! பிடிங்க!"

கூட்டம் கலைந்து அவனைத் துரத்தியது. குரங்குகள் கிளை கிளையாகத் தாவின. மைனாக்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டே பறந்தன. கரடியார் புதரை மிதித்துக்கொண்டு திமுதிமுவென்று ஓடி வந்தார். "நில்லுடா!" என்றால் எப்படி நிற்பான்? "காரணம் சொல்லுடா!" என்றால் எப்படிச் சொல்வான்? வாய் நிறையப் பழம்! குரங்கு எட்டி அவன் வாலைப் பிடித்தது. ஒரு கைப்பிடி முடி போனது. செவலை நிற்கவில்லை.

இருவாச்சி மரம் வந்தது. நிழல் வேரைத் தொட்டுவிட்டது! மரநாய் பாதி மரம் ஏறியிருந்தது. மஞ்சாயியின் அலகு மறுபடியும் சுவரை இடித்துக்கொண்டிருந்தது. செவலை மரநாயின் தலையை மிதித்துத் தாவி, கவ்வியிருந்த கொத்தைச் சந்துக்குள் திணித்தான்.

அலகு அதை வாங்கிக்கொண்டது. உள்ளிருந்து "கீச்! கீச்!" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது.

துரத்தி வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். கரடியாரைக் கண்டதும் மரநாய் குதித்துப் புதருக்குள் மறைந்தது.

"கொழுந்தனாரே! புள்ளை சாப்பிட்டுட்டான். இன்னொண்ணு இருக்கா?" என்றாள் மஞ்சாயி உள்ளிருந்து.

செவலை கன்னத்தில் இருந்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்தான். இப்போது அவன் வாய் காலி. கூட்டத்தின் பக்கம் திரும்பினான்.

"வரலை வரலைன்னு பேசினீங்களே! இதுக்குள்ள இருந்து எப்படி வருவாங்க? சாகும்போது அவன் தொண்டையில ஒரு பழம் இருந்துச்சே! அது யாருக்குன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

குரங்கு கையில் இருந்த வால் முடியைப் பின்னால் மறைத்துக்கொண்டது. கரடியார் தலையைக் குனிந்தார். பிறகு காடு அதிரக் கத்தினார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க? படையல் பழம் அத்தனையும் இங்கே வரட்டும்! ஓடுங்க!"

ஓடினார்கள்! பாறையிலிருந்து மரம் வரைக்கும் வரிசையாக நின்று, கைக்குக் கை பழத்தை மாற்றினார்கள். மைனாக்கள் ஓடைக் களிமண்ணைக் கொத்தி வந்து, இடிந்த சுவரைப் பூசின. அன்றே முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் கரடியார், ஒரு நாள் குரங்கு, ஒரு நாள் மைனா. அவரவர் நாளில் அவரவர் பழத்தோடு வர வேண்டும். குரங்கு மட்டும் இரண்டு முறை மறந்தது. அந்த இரண்டு நாளும் செவலைதான் சுமந்தான்.

"உன் கோபம் தீர்ந்துச்சா?" என்று கரடியார் ஒரு நாள் கேட்டார்.

"தீரலை! அவன் என் பழத்தைத் தின்னது தின்னதுதான்!" என்றான் செவலை. "கோபம் அவன் மேல. பசிக்கறது இதுகளுக்கு. ரெண்டையும் எதுக்குக் குழப்பறீங்க?"

மாதம் இரண்டு போனது. மஞ்சாயிக்கு இறகு முளைத்தது. சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். குஞ்சும் வளர்ந்து, அப்பனைப் போலவே பெரிய அலகோடு பறக்கக் கற்றுக்கொண்டது. பறந்தவன் நேராக எங்கே போனான் தெரியுமா? செவலை காவல் காத்த அத்திக் கிளைக்கு!

செவலை தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தான். கிளை மொட்டை!

"டேய்! என் பழம் எங்கேடா?"

குஞ்சு அலகைத் திறந்து சிரித்தது. சிரித்துக்கொண்டே பறந்தது. செவலை கோபத்தோடு வாலைத் திருப்பினான். திருப்பியவன் என்ன நினைத்தானோ, சட்டென்று கிளையின் நுனிக்கு ஓடி, கையை வாயருகே குவித்துக் கத்தினான்.

"டேய் பயலே! சௌக்கியமாடா?"

நண்பன் ஒருவன் திடீரென்று போய்விட்டால், அவனைப் பற்றிப் பேச எழுந்திருக்கும் முன்பு, அவன் உணவு கொண்டுவருவான் என்று காத்திருக்கும் வீட்டுக்கு முதலில் போக வேண்டும்.