ஜெபமணி கேட்ட இரைச்சல்

பாளையங்கோட்டையில் பெனாசிர் என்று ஒருத்தி இருந்தாள். மாடி அறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, பாடுகிறவர்களின் பாட்டைப் பதிவு செய்து மெருகேற்றிக் கொடுப்பாள். அவளிடம் தொழில் கற்க வந்த ஜெபமணி அவளைவிட இருபது வயது மூத்தவர். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

கொஞ்சம் தேறியதும், ஜெபமணி தன் வீட்டுப் படுக்கையறையிலேயே கம்ப்யூட்டரும் மைக்கும் வாங்கிப் போட்டார். முதலில் பாட வந்தவள் லில்லி புஷ்பம். அதே சர்ச்சில் பாடுகிறவள். தானே எழுதி, தானே மெட்டுப் போட்ட பாட்டு.

அவள் பாடிவிட்டுப் போனபின், ஜெபமணி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். குரலுக்குப் பின்னால் மெல்லிசாக ஓர் இரைச்சல். விசிலடிக்கப் போகும் குக்கர் மாதிரி, ‘ஈ’ என்று.

மனைவியைக் கூப்பிட்டு ஃபேனை அணைக்கச் சொன்னார். பக்கத்திலிருந்த செல்போனைத் தள்ளிவைத்தார். இரைச்சல் நிற்கவில்லை. கம்ப்யூட்டரில் இரைச்சலை வெட்டி எடுக்க வழியிருந்தது. கொஞ்சம் வெட்டினார். போகவில்லை. இன்னும் கொஞ்சம் வெட்டினார்.

சட்டென்று கை நின்றது.

அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. காதுக்குள் வண்டு கத்துகிறது என்றார் முதலில். கடைசிக் காலத்தில் கல்யாண வீட்டில் எல்லாரும் சிரித்தால், அவர்கள் வாயைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பிந்தி அவரும் சிரிப்பார்.

ஹெட்போனைக் கழற்றினால் போதும், சத்தம் எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிடும். அவர் கழற்றவில்லை. மேலும் வெட்டினார்.

அன்றிலிருந்து ரேடியோவைப் பாடவிட்டுத்தான் படுத்தார். வீடு அமைதியாக அவர் விடவேயில்லை.

பாட்டைக் கேட்க லில்லி புஷ்பம் வந்தாள். தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோல் இருந்தது. கேட்கக் கேட்க அவள் முகம் வாடியது.

“நான் இப்படியாண்ணே பாடுதேன்?” என்றாள். “இவ்வளவு நாளும் ஒருத்தரும் சொல்லலையே. இனிமே எனக்குப் பாட்டு வேண்டாம்.”

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஜெபமணி பெனாசிரிடம் ஓடினார்.

“டீச்சர், பாட்டுல ஒரு இரைச்சல். எவ்வளவு வெட்டினாலும் போவ மாட்டேங்கு. என்ன செய்ய?”

அப்பாவைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை.

பெனாசிர் அவர் வெட்டிய பாட்டைக் கேட்டாள். லில்லி பாடிய, வெட்டுப்படாத முதல் பதிவையும் கேட்டாள். அவரை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, மவுஸில் கையை வைத்தாள்.

“இரைச்சல் கேக்கா அண்ணாச்சி?”

“கேக்கு.”

எதையோ தட்டினாள். “இப்ப?”

“கேக்கு.”

“கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?”

“அப்படியேதான் இருக்கு.”

பெனாசிர் குனிந்து ஹெட்போன் ஒயரின் நுனியை எடுத்து அவர் கண்முன் நீட்டினாள். அது எதிலும் சொருகப்படவே இல்லை.

ஜெபமணி அந்த நுனியைத் தொட்டுப் பார்த்தார்.

“எங்க அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துட்டு டீச்சர்.”

“நாளைக்கே காது டாக்டரைப் பாருங்க.”

“பாக்கேன். ஆனா காது போயிட்டுன்னா நான் எதுக்கு ஆவேன்?”

அவள் ஒயரைச் சொருகினாள். லில்லி பாடியதை ஓடவிட்டாள். பிறகு அவர் வெட்டியதை ஓடவிட்டாள்.

“இரைச்சல் உங்க காதுல இருந்திருக்கு. வெட்டு வாங்கினது யாரு அண்ணாச்சி?”

“லில்லி குரல்,” என்றார் ஜெபமணி.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவரை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கவேண்டும். கேட்காமல் எத்தனை போகிறதோ என்று அவர் விரலைப் பொத்தானிலேயே வைத்திருந்தார். காது கேட்பது கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். பேணி வைத்துக்கொண்டால் சீக்கிரம் மோசமாகாது. அந்த இரைச்சல் நிற்குமா என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லமுடியாது.

ஜெபமணி வீட்டுக்கு வந்து, வெட்டியதையெல்லாம் திரும்பப் போட்டார். முதலிலிருந்து வேலையை ஆரம்பித்தார். ‘ஈ’ என்ற சத்தம் கூடவே இருந்தது. பலமுறை கை வெட்டப் போனது. ஒவ்வொரு முறையும் ஹெட்போனைக் கழற்றினார். அது அப்போதும் கேட்டது. திரும்ப மாட்டிக்கொண்டு, லில்லியின் குரலில் கைவைக்காமல் விட்டார்.

அவள் வீட்டுக்கே போய், கெஞ்சிக் கூட்டிவந்து, பாட்டைப் போட்டுக் காட்டினார். லில்லி புஷ்பம் சுவரைப் பார்த்தபடி கேட்டாள். முடிந்ததும் சொன்னாள்:

“இன்னொரு தடவை போடுங்கண்ணே.”

ஜெபமணி அந்தப் பாட்டைப் பெனாசிரிடம் கொண்டுபோனார். அவள் கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டுவிட்டு, “நல்லா வந்திருக்கு” என்றாள்.

அவர் முகம் தெளியவில்லை.

“இதைச் செஞ்ச நேரமெல்லாம் அது கத்திக்கிட்டே இருந்துச்சு டீச்சர். இப்பவும் கத்துது. பயம் போவவே இல்லையே.”

“முழுப் பாட்டையும் கேட்டேன் அண்ணாச்சி,” என்றாள் பெனாசிர். “உங்க பயம் அதுல இல்லை.”