நான்காவது கச்சேரி

சிறுமலைக்கு வந்த முதல் இரண்டு நாளும் இன்னாசி தூங்கினார். மூன்றாம் நாள் கொஞ்சம் சாப்பிட்டார். நான்காம் நாள்தான் வாய் திறந்தார்.

இருநூறு படங்களுக்கு மேல் இசையமைத்தவர். ஐம்பது வயது. இன்னாசி ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை என்று சினிமாக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஒன்பது மணிக்கு ஒலிப்பதிவு என்றால் எட்டரைக்கே வாசலில் நிற்பார். காய்ச்சலிலும் நின்றிருக்கிறார். மகள் பிறந்த அன்றும் நின்றிருக்கிறார்.

மங்கையம்மாள் அவரைவிட ஐந்து வயது சின்னவர். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, வேலையை விட்டுவிட்டு மலைக்கு வந்தவர். ஓட்டுவீடு ஒன்றில் நாலைந்து பேர் தங்க இடம் கொடுப்பார். தோட்டத்தில் வேலை கொடுப்பார். கேட்டால் மட்டும் பேசுவார். இன்னாசி ஆறு வருஷமாக அவரிடம் வந்து போகிறார். மற்ற சீடர்களைப் போல அவரும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"படிச்ச இடத்துல நூற்றாண்டு விழாவாம் அம்மா. எங்க நாலு பேரையும் திரும்ப மேடையேறச் சொல்றாங்க."

"எந்த நாலு பேர்?"

இன்னாசி சொன்னார். பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம் நாலு பேர் சேர்ந்து ஒரு ராக் பேண்ட் ஆரம்பித்தார்கள். பேர், கரண்ட் கட். டிரம்ஸ் பரணிதரன். கித்தார் ஷாகுல். பாடியது செண்பகவல்லி. கீபோர்டு இவர். ஏழு மாதம் உயிரோடு இருந்தது. மூன்று கச்சேரி செய்தார்கள். மூன்றுக்கும் கூட்டம் கூரையைப் பிய்த்தது.

"நாலாவது கச்சேரி வேடசந்தூர் பக்கம் ஒரு மில்லுல. அங்க வேலை செய்யிற பொண்ணுங்க விடுதியில. வார்டன் எங்க பாட்டைக் கேட்டுட்டு வந்து கூப்பிட்டாங்க. பரீட்சை முடிஞ்ச மறுவாரம். அவங்கவங்க ஊர்லேர்ந்து நேரா அங்க வந்துடறதுன்னு பேச்சு."

"சரி."

"முதல் நாள் சென்னையிலேர்ந்து தந்தி வந்துச்சு. ஸ்டுடியோவுல வாசிக்கிற ஆளுக்கு உடம்பு சரியில்ல, உடனே வான்னு. போயிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. சொல்ல வழியும் இல்ல, மனசும் இல்ல. அந்த ஒரு நாள்தான் எனக்கு வாழ்க்கையைக் கொடுத்துச்சு."

"மத்த மூணு பேர்?"

"அதுக்கப்புறம் அவங்க மூஞ்சியில முழிக்கல. மூணு பேரும் பெரிய ஆளாயிட்டாங்க. பேப்பர்ல படம் வந்தா பக்கத்தைத் திருப்பிடுவேன். இருபத்தெட்டு வருஷம். அசந்து போயிட்டேன் அம்மா. எந்த மேடையைப் பார்த்தாலும் அதுல மூணு பேர் நின்னு வாசலையே பார்த்துட்டு இருக்காங்க. நான் மன்னிப்புக் கேட்கணுமா, இல்ல இப்படியே இருந்துடணுமா?"

"மன்னிப்பு இருக்கட்டும். போய் மூணு பேரையும் பாருங்க. எவ்வளவு நேரம் காத்திருந்தீங்கன்னு மட்டும் கேளுங்க. அதைச் சொன்னாத்தானே எவ்வளவு மன்னிப்புன்னு தெரியும்."

இன்னாசி மலையிறங்கினார்.

முதலில் தூத்துக்குடி. பரணிதரன் பாலம் கட்டுகிறவர். நாடு முழுக்க அவர் கட்டிய பாலங்கள் இருக்கின்றன. வேலை நடக்கும் இடத்தில் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரை.

இன்னாசி உட்காரக்கூட இல்லை. கேட்டுவிட்டார்.

பரணிதரன் தலைக்கவசத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இன்னாசி, நான் வரலடா."

"என்னது?"

"பரீட்சைக்கு ராவும் பகலும் முழிச்சிருந்தேன்ல. வீட்டுக்குப் போயும் அந்த அசதி தீரல. கச்சேரிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி கொஞ்சம் படுத்தேன். எழுந்தப்போ கச்சேரி முடிஞ்சு மறுநாள் ஆயிடுச்சு. தூங்கிட்டேன்னு எப்படிச் சொல்றது? அன்னையிலேர்ந்து விடியக்காலை நாலு மணிக்கு மேல படுத்துக் கிடந்ததில்ல. நீங்க எவ்வளவு நேரம்டா காத்திருந்தீங்க?"

இன்னாசி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்று முழுக்க இருவரும் அந்தக் கொட்டகையிலேயே இருந்தார்கள். பேசியது கொஞ்சம்தான்.

அடுத்து கோயம்புத்தூர். ஷாகுலின் கம்பெனியில் தொள்ளாயிரம் பேர் வேலை செய்கிறார்கள். கண்ணாடி அறையின் கதவைச் சாத்திவிட்டு ஷாகுல் சொன்னார்: "உம்மா கித்தாரை எடுத்து யாருக்கோ கொடுத்துட்டாங்க. வெறுங்கையோட வந்து உங்க முன்னாடி எப்படி நிக்கிறது? எங்க ஊர் நாகூர் கடற்கரையில போய் உட்கார்ந்துட்டேன். அதுக்கப்புறம் எந்தக் கித்தாரையும் தொடல. நீங்க மூணு பேரும் எப்படிச் சமாளிச்சீங்க?"

செண்பகவல்லி சென்னையில் பெரிய வக்கீல். அவர் எழுந்தால் நீதிமன்றமே அடங்கும் என்பார்கள். இன்னாசியின் கேள்வியைக் கேட்டதும் மேஜையிலிருந்த டம்ளரை எடுத்தார். தண்ணீர் குடித்தார்.

"நான் போனேன் இன்னாசி. மில்லு கேட் வரைக்கும் போனேன். உள்ள பொண்ணுங்க பேச்சும் சிரிப்புமா இருந்துச்சு. நீங்க மூணு பேரும் முன்னாடியே வந்து டிரம்ஸெல்லாம் மாட்டியிருப்பீங்கன்னு நினைச்சேன். திடீர்னு பயம். குரல் வராதுன்னு ஒரு பயம். அப்படியே திரும்பி பஸ் ஏறிட்டேன். நீங்க பாட ஆள் இல்லாம நின்னிருப்பீங்கன்னு நினைச்சு நினைச்சு..."

"நாங்க யாரும் வரல, செண்பகம்."

அவர் நம்பவில்லை. இன்னாசி பரணிதரனையும் ஷாகுலையும் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். ஒவ்வொருவராகத் திரும்பச் சொன்னார்கள். நாலாவது ஆள் சொல்லி முடித்ததும் யாரோ சிரித்தார்கள். பிறகு நாலு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஷாகுல் அழுதார்.

பன்னிரண்டு நாள் கழித்து இன்னாசி மலையேறினார். பஸ்ஸில் வந்த அலுப்பு உடம்பெல்லாம் இருந்தது. ஆனால் முகம் தெளிந்திருந்தது.

மங்கையம்மாள் கிணற்றடியில் படுக்கை விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தார். ஒரு விரிப்பின் முனையை நீட்டினார். இன்னாசி வாங்கிக்கொண்டார். ஆளுக்கொரு பக்கம் நின்று முறுக்கினார்கள். தண்ணீர் கொட்டியது.

"கேட்டீங்களா?"

"கேட்டேன் அம்மா. மூணு பேரையும் கேட்டேன்."

"எவ்வளவு நேரம் காத்திருந்தாங்களாம்?"

"ஒருத்தரும் காத்திருக்கல. யாருமே போகல. நாலு பேருமே ஏமாத்தியிருக்கோம். மத்த மூணு பேர் நிக்கிறாங்கன்னு நினைச்சு நாலு பேரும் ஒளிஞ்சிருக்கோம். வீணா சுமந்திருக்கோம் அம்மா."

"ம்."

"விழாவுல வாசிக்கப் போறோம். ஷாகுல் கித்தார் வாங்கிட்டான்." இன்னாசி பெருமூச்சு விட்டார். "அன்னைக்கு எங்களுக்காக யாரும் காத்திருக்கலன்னு தெரிஞ்சதே போதும். இனிமே தூங்குவேன்."

மங்கையம்மாள் விரிப்பை இன்னொரு முறுக்கு முறுக்கினார். கடைசிச் சொட்டும் விழுந்தது. கொடியில் போட்டு, சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டார். பிறகு இன்னாசியின் பக்கம் திரும்பினார்.

"வாசிக்க இருந்தவங்களைக் கேட்டீங்க. விடுதியில பாட்டுக் கேட்க உட்கார்ந்திருந்த பொண்ணுங்களைக் கேட்டீங்களா?"

இன்னாசி ஈரக் கையோடு நின்றார்.