ஆறு டம்ளர்

மேலப்பாளையத்தில் மெஹருன்னிஸா டீச்சர் ஞாயிறு காலைகளில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பார். டீச்சருக்கு வயது முப்பத்திரண்டு. முன்வரிசை மாணவர் ஞானதுரைக்கு ஐம்பத்தொன்று. ஒரு கண் மருத்துவமனையில் நோயாளிகளின் பெயரைப் பதிந்து சீட்டு கொடுக்கும் புரோகிராமை எழுதியவர் அவர்தான். அந்தப் பெருமையைப் பேனாவைப் போலச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு திரிவார்.

அன்று வந்ததும் கேட்டார்.

"டீச்சர், மெமரி எவ்வளவு இருந்தா போதும்? ஆஸ்பத்திரி மெஷின் காலையில நல்லா ஓடுது. பதினோரு மணிக்கு அப்படியே நின்னுருது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா மறுபடி ஓடுது."

"ஏன் நிக்குதுன்னு நினைக்கீங்க, அண்ணாச்சி?"

"கவுன்டர்ல இருக்க பேச்சியம்மா மெஷின்ல கண்டதையும் திறந்து வச்சிருக்கா. மேனேஜர் கேட்டாரு, அதைத்தான் சொன்னேன். எல்லார் முன்னாலயும் அவளைப் பிடிச்சு ஏசிட்டாரு. இனிமே வேலைக்கு வர வேண்டாம்னுட்டாரு."

டீச்சர் உள்ளே போய் ஒரு பாத்திரம் டீயும் ஆறு டம்ளரும் கொண்டுவந்து ஞானதுரையிடம் கொடுத்தார்.

"எல்லாருக்கும் கொடுங்க. குடிச்ச டம்ளரை மட்டும் திரும்ப வாங்காதீங்க."

ஞானதுரையைத் தவிர வகுப்பில் பதினோரு பேர். ஆறு பேர் குடித்துவிட்டு டம்ளரைக் காலடியில் வைத்துக்கொண்டார்கள். ஞானதுரை ஏழாவது ஆளின் முன்னால் வெறுங்கையோடு நின்றார்.

"டம்ளர் இல்லையே, டீச்சர்."

"இன்னும் நாலு வாங்கிட்டு வரலாமா?"

"அப்பவும் கடைசி ஆளுக்கு இருக்காது. குடிச்சு முடிச்சதைத் திருப்பி வாங்கினா..."

பையிலிருந்து தன் புரோகிராமை அச்செடுத்த தாள்களை எடுத்தார். ஒவ்வொரு பெயருக்கும் மெமரியில் ஓர் இடம் கேட்டு வாங்கியிருந்தார். சீட்டு அச்சான பிறகு அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் வரியை மறுபடி மறுபடி தேடினார். அதை அவர் எழுதவே இல்லை. பதினோரு மணிக்குள் மெமரியில் இடமே மிச்சமில்லாமல் போயிருந்தது.

வெட்கத்தில் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. குனிந்து டம்ளர்களைப் பொறுக்கிக் கழுவி, மீதி ஐந்து பேருக்கும் டீ கொடுத்தார். பிறகு டீச்சர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"ஒரே வரிதான். இன்னைக்கே போய் யாருக்கும் தெரியாம சேர்த்துருதேன். நாளைக்கு மெஷின் நிக்காது."

"நிக்காது. பேச்சியம்மாவும் இருக்க மாட்டா. அவ போனதும் சரியாயிட்டுன்னு சொல்லுவாங்க."

ஞானதுரை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அப்படி ஒன்று நடக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. தோன்றியிருந்தால் என்ன செய்திருப்போம் என்பதை நினைக்கவும் கூசியது.

செல்போனை எடுத்தார்.

"மேனேஜருக்குப் போன் போட்டு, தப்பு என்னோடதுன்னு சொல்லிருதேன், டீச்சர்."

டீச்சர் காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மேனேஜர் அவளை ஏசினது போன்லயா, அண்ணாச்சி?"