பட்டினிக் குடுவை

"மேடம், நான் மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கே போயிடறேன்," என்றார் இருதயராஜ்.

ஐம்பதை நெருங்கும் வயதில், வாத்தியார் வேலைக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மண்டபம் ஊர்க் கடற்கரையில் கடல் பாக்டீரியா ஆராய்ச்சிக்கு வந்தவர். அவருடைய வழிகாட்டி ஜுலைகா அவரைவிட வெகுவாக இளையவர். அதில் இருவருக்கும் சங்கடம் இல்லை. சங்கடமெல்லாம் குடுவைகளில்தான்.

"என்ன ஆச்சு சார்?"

"ரெண்டு குடுவை பாக்டீரியாவையும் தீனி இல்லாத தண்ணியில பட்டினி போட்டேன். ஒண்ணை விளக்கு வெளிச்சத்துல வச்சேன். இன்னொண்ணுக்குக் கறுப்புத் தாளைச் சுத்தினேன். வெளிச்சத்துல இருக்கறது வளரும்னு பார்த்தா, ரெண்டும் ஒரே மாதிரி கிடக்கு."

வளர்ந்தால் தண்ணீர் கலங்கும். காலையில் வந்ததும் குடுவையைத் தூக்கிப் பார்ப்பார். எடுத்துக் குடிக்கலாம் போலத் தெளிவாக இருக்கும்.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"கொதிக்க வச்சுக் கொட்டிடறேன். நான் பட்ட பாடும் அதோட போகட்டும்."

ஜுலைகா ஆறுதல் சொல்லவில்லை. பாக்டீரியாவுக்கான உணவு கலந்த கூழ் உறைந்திருக்கும் கண்ணாடித் தட்டு இரண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"கொட்டறதுக்கு முன்னாடி ரெண்டுக்கும் ஒரு வாய் சாப்பாடு போடுங்க."

"செத்ததுக்கா மேடம்?"

"போடுங்க சார்."

வேண்டாவெறுப்பாக ஒவ்வொரு குடுவையிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து, தனித்தனித் தட்டில் தடவினார்.

இரண்டு நாள் கழித்துத் தட்டுகளைப் பார்த்தார்கள். உயிரோடு இருந்த ஒவ்வொன்றும் பெருகி ஒரு புள்ளியாகத் தெரியும். இருட்டுக் குடுவையின் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள். வெளிச்சக் குடுவையின் தட்டில் எள் விழ இடமில்லை.

இருதயராஜ் அந்தத் தட்டைக் கண்ணருகே தூக்கிப் பிடித்தார்.

"இவ்வளவு நாளும் எதைத் தின்னுட்டு இருந்துச்சு?"

ஜுலைகா விளக்கைக் காட்டினார்.

வெளிச்சத்தைப் பிடித்துச் சக்தியாக்கும் நிறமி ஒன்று அந்தப் பாக்டீரியாவின் மேலுறையில் இருப்பது இருதயராஜுக்குத் தெரிந்த பாடம்தான். பரீட்சை வைத்தால் எழுதிவிடுவார். ஆனால் கண்ணுக்கே தெரியாத அந்தப் பொடிசின் மேல் அவருக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

"பின்ன ஏன் மேடம் குடுவையில வளரல?"

"தீனி இல்லாத இடத்துல எப்படி வளரும்? சாகாம இருக்கறதுக்கே வெளிச்சம் பூரா சரியாப் போச்சு."

இருதயராஜ் குடுவையைக் கையில் எடுத்தார். தண்ணீர் அதே தெளிவோடுதான் இருந்தது. இந்த முறை நெடுநேரம் பார்த்தார்.

"பள்ளிக்கூடத்துக்குப் போகணும்னீங்களே சார்?"

"யாரு, நானா?" என்றபடி குடுவையைத் திரும்ப விளக்கின் கீழ் வைத்தார்.