இடையில் எழுந்த ஓதுவார்

நஞ்சை உண்டு, அதைக் கண்டத்திலேயே நிறுத்திய பெருமான் திருவடி வாழ்க. உண்டதை உள்ளே நிறுத்தி வைக்க வல்லவன் அவன் ஒருவனே. மற்ற உயிர்களுக்கு அந்த ஆற்றலை அவன் அருளவில்லை.

ஆற்றங்கரை மடம் ஒன்றில் தாண்டவராயர் என்னும் ஓதுவார் இருந்தார். வயது அறுபதை நெருங்கியிருந்தது. அவருடைய குருவான சிவக்கொழுந்து அடிகள், மடத்தின் தலைவர். வயதில் ஓதுவாரினும் இளையவர்.

ஒரு நாள் காலையில் ஓதுவார் வந்து அடிகளை வணங்கினார்.

"அமரும்."

"நிற்கிறேன், சுவாமி. மார்கழி முற்றோதலுக்கு ஆசனத்தில் வேறு ஒருவரை அமர்த்துங்கள்."

முற்றோதல் என்பது பதிகங்களை முதலிலிருந்து முடிவுவரை ஒரே பகலில் பாடி நிறைவிப்பது. ஆசனத்தில் அமர்ந்தவர் தீபாராதனைவரை எழலாகாது என்பது அந்த மடத்து வழக்கம். தாண்டவராயர் ஒருமுறையும் எழுந்ததில்லை. அவர் கண்ட வழி எளியது. முந்தின நாளே தண்ணீரை நிறுத்திவிடுவார். அயலூர்க் கோயில்களும் அழைக்கத் தொடங்கிய பின், தண்ணீர் குடிக்கும் வழக்கமே அவரைவிட்டுப் போயிற்று.

"குரலுக்குக் குறையா?" என்றார் அடிகள்.

"குரல் இருக்கிறது."

"பின்னே?"

ஓதுவார் தலை குனிந்தார். "குருதி போகிறது, சுவாமி."

"எங்கிருந்து?"

"தங்கள் முன் நின்று அந்த இடத்தின் பெயரைச் சொல்லலாமா?"

"படைத்தவன் கூசவில்லை. நீர் ஏன் கூசுகிறீர்?"

ஓதுவார் சொன்னார். மலம் கல்லாக இறுகியிருந்தது. முக்கினால் குருதி சொட்டியது. உட்கார்ந்தால் நெருப்பு.

"என் தந்தை குடலில் புற்று வந்து இறந்தார். அவருக்கும் இப்படித்தான் தொடங்கிற்று. ஏதோ வினை. இதைத் தீர்க்கும் பதிகம் எதுவென்று அருளுங்கள். உயிர் உள்ளவரை அதையே பாடுவேன்."

"மருத்துவரிடம் போனீரா?"

"இல்லை."

"ஏன்?"

"காட்ட வேண்டுமே, சுவாமி."

அடிகள் சிரித்துவிட்டார். மேலாடையை எடுத்துத் தோளில் இட்டார்.

"வாரும். பதிகத்தை வழியில் சொல்கிறேன்."

பேருந்தில் ஓதுவார் பதிகத்தை நினைவூட்டினார்.

"வழி இன்னும் முடியவில்லையே," என்றார் அடிகள்.

மருத்துவமனையில் கூட்டம் நிறைந்திருந்தது. செவிலி ஒருத்தி வாசலில் நின்று உரக்கக் கேட்டாள்.

"மூலத்துக்குக் காட்ட வந்தது யாரு?"

ஓதுவார் சுவரைப் பார்த்தார். வேறு சிலரும் சுவரைப் பார்த்தார்கள்.

அடிகள் எழுந்தார். "நாங்கள், அம்மா."

"ரெண்டு பேருக்குமா, சாமி?"

"நோய் இவருக்கு. வெட்கத்தைச் சுமக்க நான் வந்தேன்."

பின்வரிசையில் பெரிய மீசை வைத்த காவலர் ஒருவர் மெல்லக் கையைத் தூக்கினார். "நமக்கும் அதுதாம்மா."

மருத்துவர் ஜெசிந்தா ஓதுவாரைப் பக்கவாட்டில் படுக்கவைத்துச் சோதித்தார். ஓதுவார் அஞ்சிய அந்த வேளை, ஒரு பாட்டுப் பாடும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

"உள்மூலம், ஐயா. உள்ளே இரத்தக் குழாய் வீங்கியிருக்கு."

"புற்று இல்லையே, அம்மா?"

"இப்போ பார்த்த இடத்துல இல்லை. ஆனா உங்களுக்கு வயசாச்சு, உங்க அப்பாவுக்கும் அந்த நோய் வந்ததா சொல்றீங்க. மூலம்னு சொல்லி நான் நிறுத்திக்க மாட்டேன். குடல் முழுசும் கேமரா விட்டுப் பார்த்துடுவோம்."

மறுவாரம் பார்த்தார்கள். குடலில் ஒரு குறையும் இல்லை.

ஓதுவார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் மூச்சு அடிவயிறுவரை இறங்கிற்று.

"தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?" என்றார் மருத்துவர்.

ஓதுவார் தம் விரதத்தைச் சற்றுப் பெருமிதத்தோடு சொன்னார்.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஐயா, இந்த நோயை நீங்களே பயிர் பண்ணியிருக்கீங்க. நல்லாத் தண்ணி குடிங்க. கீரை, வாழைத்தண்டு, கொய்யாப்பழம் சேருங்க. முக்காதீங்க. கழிப்பறையில போய் ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்காதீங்க. வலிச்சா இளஞ்சூட்டு வெந்நீர்ல இடுப்பு நனைய உட்காருங்க. எல்லாத்துக்கும் மேல, வரும்போது போயிடுங்க. அடக்காதீங்க."

"பிறகு வராதா, அம்மா?"

"வரலாம். வந்தா, பழைய மூலம்தானேன்னு வீட்டுல இருந்துடாதீங்க. வெட்டினாப்பல வலிச்சா அது தோல் கிழிஞ்ச பிளவா இருக்கும். சீழோ காய்ச்சலோ வந்தா அது வேற. மலம் கறுத்துப் போனா உடனே வாங்க. அந்த இடத்துல வர்றது எல்லாமே மூலம் இல்லை."

திரும்பும் வழியில் ஓதுவார் கேட்டார். "சுவாமி, பதிகம்?"

"அந்த அம்மா பாடினார்களே. உமக்குக் கேட்கவில்லையா?"

மார்கழி வந்தது. குருதி நின்றிருந்தது. அடிகள் அவரையே ஆசனத்தில் அமர்த்தினார். ஓதுவார் தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாட்டுக்குப் பாட்டு ஒரு மிடறு பருகினார்.

பிற்பகலில் வயிறு அழைத்தது.

அவர் பாடினார். வயிறு மீண்டும் அழைத்தது. நெற்றி வியர்த்தது. எதிரே மண்டபம் நிறைந்த கூட்டம். முன்வரிசையில் அறங்காவலர் கோமதிநாயகம்.

எடுத்த பாட்டை முடித்தார். எழுந்து நின்றார்.

தாளம் நின்றது.

"ஓதுவாரே!" என்றார் கோமதிநாயகம். "தீபாராதனை ஆகவில்லை. உட்காரும்!"

"முடியாது, ஐயா."

"நீர் எழுந்தால் முற்றோதல் முறிந்துபோகும். இத்தனை ஆண்டு கட்டிக் காத்த பெயரும் போகும். அந்த ஆசனத்தில் இனி உம்மை யார் அமர்த்துவார்?"

ஓதுவார் குருவைப் பார்த்தார்.

தரையில் கூட்டத்தோடு கூட்டமாக அமர்ந்திருந்த அடிகள் எழுந்தார். மண்டபத்தின் பின்புறத்தை ஓதுவாருக்குக் கைகாட்டினார். நேரே போய் ஆசனத்தில் அமர்ந்து, அடுத்த பாட்டைத் தொடங்கினார்.

அடிகளுக்கு ஞானம் உண்டு, குரல் இல்லை. சுருதி ஓரிடம் இருந்தது, அவர் ஓரிடம் இருந்தார். பெண்கள் வாய்பொத்திச் சிரித்தார்கள். பிறகு இரக்கப்பட்டுக் கூடவே பாடினார்கள். மண்டபமே பாடிற்று.

ஓதுவார் கை கால் கழுவிக்கொண்டு திரும்பினார். முகம் தெளிந்திருந்தது.

அடிகள் பாட்டை முடித்தார். "போயிற்றா?"

"போயிற்று, சுவாமி."

"வலி?"

"இல்லை."

"அப்படியானால் அமரும். என் பாட்டிலிருந்து இவர்களை மீட்டருளும்."

ஓதுவார் அமர்ந்தார். முகம் சுளிக்காமல் அமர்ந்தார். குரலெடுத்தார்.

இரண்டாம் அடி முடிவதற்குள், முன்வரிசையில் கோமதிநாயகம் மெல்ல எழுந்தார். யாரையும் பாராமல், மண்டபத்தின் பின்புறம் நோக்கி வேகமாக நடந்தார்.

இதைக் கேட்ட செவிகளுக்கும், செவியுடையார் வயிற்றுக்கும் பெருமான் நலம் அருள்க. அவர்கள் அமரும் இடமெல்லாம் நோவின்றி அமர்க. எழ வேண்டிய வேளையில் அச்சமின்றி எழுக.